வேனுக்கு எது கன்னிமூலை

என் கையெழுத்து மோசம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பில்லில் ரெக்சின், ஃபோம், பிளைவுட் என்று எழுதுவதற்குத்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. திருவனந்தபுரத்துக்கு வந்து மலையாளப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, தெரிந்திருந்த கொஞ்சமும் கலங்கிவிட்டது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னது மாமி. அவர் கணவர், எனக்கு சார், இப்போது உயிரோடு இல்லை. மாமி மகனோடு ஐதராபாத்தில் இருக்கிறார். போன வாரம் ஃபோனில், "அவரைப் பத்தி நீ ஒண்ணு எழுதேன். நான் எழுதினா கோபம் வந்துடும். நீ எழுதினா சிரிப்பு வரும்" என்றார். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். பேரைப் போட்டா அதுல ஒரு ஆட்சேபம் கண்டுபிடிப்பார், எங்க இருந்தாலும்."

கிள்ளிப்பாலம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வண்டிகளின் உள்வேலை. சீட் தைப்பது, கூரைக்குத் துணி ஒட்டுவது, பலகை அடிப்பது. சார் முதலில் அங்கேதான் வந்தார். கையில் சுருட்டிய காகிதம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"உள்ள ஆணி கெடக்கும் சார். செருப்பப் போட்டுக்கிடுங்க."

"தொழில் நடக்கற இடம். லக்ஷ்மி இருக்கற இடமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைத்தார். இரண்டாவது எட்டில் லட்சுமி அவர் குதிகாலில் ஏறினாள். நான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாசல் தெற்கே இருக்கே, ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு" என்றார். அவரிடம் நான் கேட்ட முதல் ஆட்சேபம் அது.

வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் வரைபடங்களைப் பார்த்து ஆட்சேபம் எழுதுவது ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலையாக இருந்தது. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. அந்த மேஜையை முதல் தடவையிலேயே தாண்டிப் போன வரைபடம் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார். "மனுஷன் வரைஞ்சா அதுல ஒரு தப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கலேன்னா எனக்கு என்னதுக்குச் சம்பளம்?"

அலுவலகத்தை விட்டு வந்தவர் ஆட்சேபத்தை விட்டுவிட்டு வரவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், கொடுத்த அறையில் கட்டிலின் தலைமாடு வடக்கே இருக்கும். லாட்ஜில் அறை எடுத்தால், கழிவறை கன்னிமூலையில் இருக்கும். கன்னிமூலை என்பது தென்மேற்கு. அங்கே கழிவறை வந்தால் குடும்பம் உருப்படாது என்று வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு ராத்திரி தங்கப் போகிற லாட்ஜில் திசைகாட்டியை எடுத்துப் பார்க்கிறவரை நான் வேறு கண்டதில்லை. பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார், மாமியையும் கூட்டிக்கொண்டு. கல்யாணமாகி வந்த நாள்முதல் மாமி அந்த வீட்டுக்கு வெளியே தூங்கியது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அங்கேயும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி நர்சுகளிடம் சண்டை.

மாமிக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஒரு ராத்திரி எங்காவது மலைப்பக்கம் படுத்துத் தூங்க வேண்டும். காலையில் கண் விழித்தால் சொந்த வீட்டுச் சுவர் தெரியக்கூடாது.

சார் அதை மறுக்கவில்லை. நன்றாக யோசித்தார். ஊரான் கட்டிய அறை எதுவும் சரியாக இருக்காது. ஆகவே சரியான அறையை நாமே கட்டி, அதற்குச் சக்கரம் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கினார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் தரைக்குக் கான்கிரீட் போட்டு, மேலே ஷீட் கூரை எழுப்பி, வேனைக் கிழக்குப் பார்த்து நிறுத்தினார். சீட்டுகளை நான் கழற்றினேன். கட்டில், அடுப்பு, அலமாரி, கழிவறை எல்லாம் எங்கெங்கே என்று வரைபடம் தயாரானதும் நான் செய்ய வேண்டும். வரைபடம் அடுத்த வாரம் என்றார்.

ஒவ்வொரு வரைபடமும் முடிந்தவுடன் பழவங்காடி கணபதிக்குப் போய் ஒரு தேங்காய் உடைப்பார். வந்து நீல மையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குவார். மறுநாள் குளித்து, சட்டை போட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதே வரைபடத்தைப் பரிசீலிப்பார். இப்போது பேனாவில் பச்சை மை. 'காற்றோட்டம் போதாது.' 'மழைநீர் சேமிப்புக்கு வழி காட்டப்படவில்லை.' ஒரு தடவை பழக்கதோஷத்தில் 'மாடிப்படியின் அகலம் குறிப்பிடப்படவில்லை' என்று எழுதி, பிறகு அவரே வெட்கப்பட்டு அடித்தார்.

மாமி காப்பி டம்ளரோடு வாசலில் நிற்பார். "ஏன்னா, மனு போட்டவருக்கு ஒண்ணு, ஆபீசருக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பி போடணுமா?"

"ஆபீசர் இந்த மாதிரி எல்லாம் காப்பி வாங்கிக்க மாட்டார். எடுத்துண்டு போ."

"அப்போ மனு போட்டவருக்கும் கிடையாது."

வரைபடம் காகிதத்தில் தோற்றதும், மாடி ஹாலில் சாக்பீஸால் வேனின் முழு அளவில் கோடு போட்டார். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார். மாமி கட்டில். சார் அடுப்பு. நான் கழிவறை. ஒரு சதுரத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"தம்பி, தோளைக் குறுக்கிக்கோ. கக்கூஸ் இவ்வளவு அகலம் கிடையாது."

குறுக்கிக்கொண்டேன். கூச்ச சுபாவம் என்பதால் எனக்கு அது சுலபம். மாமி தரையில் படுத்தபடியே என்னைப் பார்த்து, "கக்கூஸ் நன்னாத்தான் இருக்கு, அடுப்புதான் ரொம்பப் பேசறது" என்றார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"சுவத்தை மிதிக்காதே!" என்று சார் கத்தினார். "கதவு அந்தப் பக்கம்!"

மாமி திரும்பி நடந்து, இல்லாத கதவைத் திறந்து, வெளியே போய், மறக்காமல் சாத்தினார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழிவறை சிரித்ததை சார் கவனிக்கவில்லை.

வேனில் என்னென்ன வேண்டும் என்று மாமியைக் கேட்டார். "ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க்" என்றார் மாமி. சார் அதில் வெட் கிரைண்டர், இட்லிக் கொப்பரை, குத்துவிளக்கு, உப்பு மாங்காய் போட்ட பீங்கான் பரணி, விருந்தாளிக்கு மடக்கு நாற்காலி எல்லாம் சேர்த்தார்.

"காட்டுல விருந்தாளி யாரு வருவா?"

"வரலாம்."

"ஆனை வரும். அதுக்கு மடக்கு நாற்காலி தாங்காது, கேட்டேளா."

இதெல்லாம்கூட ஒரு வழியாக முடிந்தது. ஒரு வரைபடம் ஏறக்குறைய தேறிவிட்டது. வேனின் தரையில் சாக்பீஸால் குறித்தோம். கழிவறை பின்பக்கம் இடது மூலை. வேன் கிழக்குப் பார்த்து நிற்பதால் அது வடமேற்கு, குற்றமில்லை. சார் மனசு குளிர்ந்துபோய், "ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். ஓடும்போ எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்றார். நான் ஓட்டினேன். அவர் உள்ளே ஸ்டூல் போட்டு, மடியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருமுனையில் இடதுபக்கம் வடக்கே திருப்பினேன்.

"நிறுத்து! நிறுத்து! கக்கூஸ் கன்னிமூலைக்குப் போயிடுத்து!"

நடுரோட்டில் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் ஹார்னை அமுக்கிவிட்டுத் தலையை நீட்டினார். "எந்தா சாரே, வண்டி கேடாயோ?"

"வண்டிக்குக் கேடில்ல" என்றார் சார், ஜன்னல் வழியாக. "திசைக்காக்கும் கேடு."

வேன் திரும்பும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது திரும்பும்போது மூலைகளும் கூடவே இடம் மாறும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. கழிவறையை வலது மூலைக்கு மாற்றினால் கிழக்கே போகும்போது கன்னிமூலை. முன்பக்கம் மாற்றினால் திரும்பி வரும்போது கன்னிமூலை. நடுவில் வைக்கலாமென்றால் அது பிரம்மஸ்தானம், அங்கே தூணே வரக்கூடாது. வாஸ்து பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வேனை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு, "ஓடுந்ந வண்டிக்கு தோஷம் இல்லா. நிக்கும்போழாணு தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் அன்றெல்லாம் யோசித்தார். சாயங்காலம் மாமியிடம் சொன்னார்: "அப்போ வண்டி ஓடிண்டிருக்கும்போ மட்டும்தான் கக்கூஸ் போகலாம்."

"நன்னா இருக்கு" என்றார் மாமி. "யாருக்கு வயத்தை வலிச்சாலும் தம்பி நிறுத்தாம ஓட்டிண்டே இருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் மகன் ஐதராபாத்திலிருந்து பேசியபோது மாமி சிரிக்கவில்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "ஓணத்துக்கு வரேன். அதுக்குள்ள அந்த வண்டி ஒரு இடத்துக்காவது போயிருக்கணும். இல்லேன்னா வித்துடுவேன்மா. தெருவுல எல்லாரும் எனக்கு ஃபோன் பண்ணிச் சிரிக்கறா."

"சரிடா" என்று சொல்லி வைத்தார். பிறகு என்னிடம், சாருக்குக் கேட்காத குரலில், "எனக்குக் கட்டிலும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம் தம்பி. அவர் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள என் முட்டி படி ஏற விடாது" என்றார்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை வந்தது. மாடி ஹாலில் கூரை ஒழுகி, சாக்பீஸ் சுவர்கள் எல்லாம் கரைந்தன. சாருக்குப் புதிதாக ஒரு வரைபடம் தோன்றியிருந்தது. முழு அளவில் போட்டுப் பார்க்க நனையாத தரை வேண்டும். வீட்டில் நனையாத தரை ஒன்றுதான். அதன்மேல் வேன் நின்றது.

"தம்பி, வண்டியை எடுத்துண்டு போய் உன் ஷெட்டுல நிறுத்திக்கோ. நாளை சாயங்காலம் கொண்டு வந்தாப் போறும். எனக்கு இந்தத் தரை வேணும்."

என் கொட்டகையில் அந்த வேன் நுழையாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி உள்ளேயிருந்து வந்தார். கையில் பாய், போர்வை, பிளாஸ்க். எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தாரோ.

"நானும் போறேன். இவன் ஆத்துக்காரிக்கு போனக்காட்டுல அத்தை இருக்காளாமே, எஸ்டேட்டுல. ஆத்துக்காரியையும் ஏத்திண்டு போறோம். ஒரு ராத்திரி இருந்துட்டு வரேன்."

சார் கையில் சாக்பீஸோடு நின்றார். "வண்டி உள்ளே ஒண்ணுமே இல்லியே!"

"அதனாலதான் போறேன்."

"ஒரு சின்ன ஆட்சேபம்..." என்று தொடங்கினார். வேனைப் பார்த்தார். அதற்கு அடியில் இருந்த காய்ந்த தரையைப் பார்த்தார். ஒரு மனிதன் முகத்தில் இரண்டு ஆசைகள் சண்டை போடுவதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தரை ஜெயித்தது. "சரி. அதை ஸ்தல பரிசோதனைன்னு வெச்சுக்கலாம். மலைப்பாதையில எந்தப் பக்கம் சாயறதுன்னு நீ பார்த்துண்டு வந்து சொல்லணும்."

"சொல்றேன்" என்று மாமி ஏறிவிட்டார். முட்டி வலியைக் காணோம்.

என் மனைவியை ஏற்றிக்கொண்டு நெடுமங்காடு வழியாகப் போனோம். பாதி ரோடு வடக்கே பார்த்துத்தான் போகிறது. விதுராவில் மாமி ஒரு சீப்புப் பழமும் வறுத்த கடலையும் வாங்கினார். அங்கே சாரின் ஃபோன் வந்தது. வண்டி எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று கேட்டார்.

"இப்போ கடைத்தெருவைப் பார்த்துண்டு நிக்கறது" என்று மாமி வைத்துவிட்டார். அதற்கு மேலே சிக்னல் இல்லை.

வனத்துறை செக்போஸ்ட்டில் ஓர் இளைஞர் டார்ச்சோடு வந்தார். "வண்டியில் எந்தொக்க உண்டு?"

"ஒண்ணுமே இல்லப்பா. வந்து நோக்கிக்கோ" என்றார் மாமி. அவ்வளவு சந்தோஷமாக யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

போனக்காட்டில் என் மனைவியின் அத்தை குடையும் உப்புப் பொட்டலமுமாக வந்து நின்றார். உப்பு, காலில் ஏறும் அட்டையை உதிர்க்க. "மாமியெல்லாம் வந்திருக்காக, நீ ஏன்டி முன்னாடியே சொல்லல? வீட்ல வந்து படுங்க மாமி. வண்டிக்குள்ள குளுரும்."

"இல்லடியம்மா. இதுலதான் படுக்கணும். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் சமமான இடம் கிடைக்கவில்லை. சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மாமியும் என் மனைவியும் வண்டிக்குள் பாய் விரித்தார்கள். மேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலை. அது எந்தத் திசை என்று யாரும் கேட்கவில்லை. மழை மேகத்தில் கேட்டாலும் தெரிந்திருக்காது. நான் அத்தை வீட்டில் படுத்தேன்.

காலையில் வந்து பார்த்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. மாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தேயிலையும் இல்லை, மலையும் இல்லை, வெள்ளையாக மூடுபனி மட்டும். பால் விடாத கட்டஞ்சாயா கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"குளிருதா மாமி?" என்று என் மனைவி கேட்டாள்.

"குளிரட்டும்" என்றார்.

சாயங்காலம் திரும்பினோம். சார் தரையில் முழங்காலிட்டு இருந்தார், வேட்டியெல்லாம் சாக்பீஸ். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வரைபடத்தில் ஒரு சொட்டுப் பச்சை மை இல்லை. "தேறிடுத்து!" என்றார். "தம்பி, வண்டியை எடுத்ததும் எல்லாம் சரியா வந்துடுத்து. கன்னிமூலை அங்கேயே இருக்கு, அக்னிமூலை அங்கேயே இருக்கு. அசையறதே இல்லை. வண்டியாலதான் கோளாறு." என்னை வேனை உள்ளே கொண்டுவர விடவில்லை. சாக்பீஸ் அழிந்துவிடுமாம். தெருவிலேயே நிற்கட்டும் என்றார். உள்வேலையை எல்லாம் இந்தத் தரையிலேயே செய்துவிட வேண்டும், பின்னால் அப்படியே தூக்கி வேனுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

"வேன் கதவு வழியா நுழையாதே சார்."

"அது வேறே விஷயம். அதுக்குத் தனியா ஒரு மனு போடணும்."

செய்தேன். பலகையால் சுவர், மேலே துணி ஒட்டிய கூரை, கட்டில், அதற்கடியில் இழுப்பறை, தென்கிழக்கில் ஒற்றை அடுப்பு, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கழிவறை, அதன் தண்ணீர் போகக் கான்கிரீட்டில் குழாய். இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், திரைச்சீலை. திருப்பத்தில் விழாமலிருக்க, உட்காரும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வேண்டும் என்றார். பொருத்தினேன். என் கையால் செய்த வேலையில் அதைவிட நேர்த்தியானது இல்லை. வேன்தான் இல்லை. அது தெருவில் வெறுமையாக நின்றது. தெருவில் நின்றதால் எந்நேரமும் கிளம்பத் தயாராக இருந்தது. மாமி பொன்முடிக்குப் போனார். திற்பரப்புக்குப் போனார். தெருவிலிருந்து இரண்டு மாமிகள் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு பாய். என் மனைவிக்கு மாதத்தில் பாதி நாள் வீட்டு நினைவே இல்லை.

சார் அந்தப் பலகை அறைக்குக் குடிபோனார். அங்கேயே தூங்கினார், அங்கேயே காப்பி போட்டார். "வண்டி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், "ஒரு குலுக்கல் கிடையாது" என்பார்.

ஓணத்துக்கு மகன் வந்தார். வாசலில் வேன் இல்லாததைப் பார்த்து, "வித்தாச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் திரைச்சீலைக்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்ல தம்பி. அம்மா வேற டிரைவர் வெச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. பொன்முடிக்கு."

"அப்பாவும் போயிருக்காரா?"

"அப்பா வண்டிக்குள்ள இருக்காங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மகன் என்னைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து சார், "யாரு, வந்துட்டியா? பார்த்து ஏறு, தலையை இடிச்சுக்காதே" என்றார். மகன் குனிந்து ஏறி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வேனை விற்கும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை. விற்றால் எதை விற்பது, யாரை எங்கே இறக்கிவிடுவது என்று அவருக்கும் புரிந்திருக்காது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேன் வந்தது. மாமி நேராகப் பலகை அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சேலையில் சேறு.

"எப்படி வந்தேள்?" என்று சார் கேட்டார். "மொதல்லேர்ந்து சொல்லு. விடாம சொல்லு."

மாமி சொன்னார். விதுரா தாண்டியதும் ஆறு, பாலம், ரப்பர் தோட்டம், அதற்கப்புறம் ஏற்றம். சார் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். நான் வாசலில் நின்று வளையத்தை எண்ணுவது போல இருந்தேன்.

"அங்கேர்ந்து கொண்டை ஊசி வளைவு" என்றார் மாமி. "ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மொத வளைவு வலதுபக்கம், சட்டுனு..."

சார் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எழுதி முடித்தது: கன்னி மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.